ஜெர்மனிக்குள் ஓடும் பெல்ஜியம்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ரோட்கென் என்று ஒரு ஊர். ஊருக்கு நடுவே தார் போட்ட ஒரு சைக்கிள் பாதை போகிறது. பாதைக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி. அந்தப் பக்கமும் ஜெர்மனிதான். ஆனால் பாதை மட்டும் பெல்ஜியம்! சில மீட்டர் அகலமே உள்ள அந்த நாடாவைத் தாண்டிப் போகிறவர் அரை நிமிடத்தில் வெளிநாடு போய்த் திரும்பி விடுகிறார். பாஸ்போர்ட் கேட்க அங்கே யாரும் நிற்பதில்லை. ஒரு காலத்தில் நின்றார்கள், அதுவும் துப்பாக்கியோடு. அந்தக் கதைதான் இது.

பாதையின் பெயர் ஃபென்பான். ஜெர்மன் மொழியில் 'பான்' என்றால் ரயில் பாதை. 'ஃபென்' என்பது அந்தப் பக்கத்து மேட்டுநிலச் சதுப்புக்குப் பெயர். ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஆரம்பித்து, பெல்ஜியத்தின் கிழக்கு ஓரமாகவே இறங்கி, லக்சம்பர்க் நாட்டின் வடக்கில் த்ரோவியர்ஜ் என்ற ஊரில் முடிகிறது. மொத்தம் 125 கிலோமீட்டர், மூன்று நாடுகள். குறுக்கே வரும் சாலைகளையும் சில சுற்று வழிகளையும் விட்டால் கார், லாரி எதுவும் வராது. ஐரோப்பாவில் பழைய ரயில் பாதைகளைச் சைக்கிள் பாதைகளாக மாற்றியதில் மிக நீளமானவற்றுள் இதுவும் ஒன்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஐஃபெல், ஆர்டென் என்று அந்த வட்டாரம் முழுக்க மலையும் பள்ளத்தாக்கும்தான். பெல்ஜியத்தின் மிக உயரமான இடமான போத்ராஞ்ச் (694 மீட்டர்) பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சைக்கிள் பாதையின் ஏற்றம் பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டாது. அதாவது 100 மீட்டர் போனால் 2 மீட்டர் உயரம். ஆறு வயதுக் குழந்தையும் மிதிக்கலாம், அறுபது வயதுப் பாட்டியும் மிதிக்கலாம். காரணம் எளிது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் வழுக்கும். நூற்றுக்கணக்கான டன் சுமையை இழுக்கும் நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பள்ளம் வந்தால் மண்மேடு எழுப்பி, மேடு வந்தால் வெட்டி, முடியாத இடத்தில் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து பாதை போட்டார்கள். சைக்கிள்காரர்களுக்காக இப்படி ஒரு பாதை போட வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் எந்த நிதியமைச்சரும் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

அப்படியானால் இவ்வளவு செலவு செய்தது எதற்காக? நிலக்கரிக்கும் இரும்புக்கும்.

ஆஹன் பக்கம் நிலக்கரி இருந்தது, உருக்காலைகள் இருந்தன. தெற்கே லக்சம்பர்க்கிலும் லொரேனிலும் இரும்புத் தாது மலைபோல் கிடந்தது. ஆனால் அந்தத் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் கலந்த எஃகு அடித்தால் உடைந்துவிடும், ஆகவே தாது இருந்தும் எஃகு செய்யப் பயன்படவில்லை. 1870களின் கடைசியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற ஆங்கிலேயர் உலையின் உள்சுவரைச் சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லால் பூசி, பாஸ்பரஸைக் கசடாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஒரே நாளில் என்று சொல்ல முடியாவிட்டாலும், சில வருடங்களுக்குள் அந்த மட்டமான தாது தங்கமாகிவிட்டது. கரி தெற்கே போக வேண்டும், தாது வடக்கே வர வேண்டும். இடையில் மலை. பிரஷ்ய அரசு பாதை போட முடிவு செய்தது. ஆஹன் ஓரத்தில் உள்ள ரோட்டே எர்டெயிலிருந்து மோன்ஷாவ் வரை 1885-ல் ரயில் ஓடியது. பிறகு பகுதி பகுதியாக நீண்டு, 1889-ல் லக்சம்பர்க் எல்லையைத் தாண்டியது. லக்சம்பர்க் அப்போது தனி நாடு என்றாலும் ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தில் இருந்தது. ஆகவே எல்லையில் தாதுவுக்கு வரி கிடையாது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

யாரும் அதிகம் எதிர்பார்க்காத பலன் ஒன்றும் கிடைத்தது. ஐஃபெல் மலைப்பகுதியை அந்தக் காலத்தில் 'பிரஷ்யாவின் சைபீரியா' என்று கேலி செய்வார்கள். குளிர், மழை, புளித்த மண். பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். தாமஸ் முறையில் பிரிந்த அந்தப் பாஸ்பரஸ் கசடை அரைத்தால் அருமையான உரம்! உருக்காலைக்கு வேண்டாத பொருள் ரயிலில் ஏறி மலைக்கு வந்தது, சுண்ணாம்பும் வந்தது. ஒன்றும் விளையாத இடத்தில் புல் வளர்ந்தது, புல்லைத் தின்று மாடு வளர்ந்தது, வெண்ணெயும் பாலும் அதே ரயிலில் ஆஹன் சந்தைக்குப் போயின. இன்றைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் புகைப்படம் எடுக்கிற அந்தப் பச்சைப் புல்வெளியில் நல்ல பங்கு இந்தக் கசடால் வந்ததுதான். (கணக்குப் படிப்பவர்களுக்கு 'உபவிளைபொருள்' என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!)

ராணுவமும் பாதையைக் கவனித்துக்கொண்டே இருந்தது. வழியில் எல்சன்போர்ன் என்ற இடத்தில் பிரஷ்யா பெரிய பயிற்சி முகாம் அமைத்தது. இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டது. முதல் உலகப் போரின்போது மேற்குப் போர்முனைக்கு ஆட்களும் குண்டுகளும் போன வழிகளில் இதுவும் ஒன்று.

போரில் ஜெர்மனி தோற்றது. 1919 வெர்சாய் ஒப்பந்தப்படி ஆய்ப்பென், மால்மெடி என்ற இரண்டு மாவட்டங்கள் பெல்ஜியத்துக்கு என்று முடிவானது. போர் முழுக்க ஜெர்மன் படையின் காலடியில் கிடந்த நாடு பெல்ஜியம். நஷ்டஈடு கேட்டதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்த மாவட்டங்களில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள், மால்மெடிப் பக்கம் மட்டும் பிரெஞ்சு பேசுபவர்கள். அவர்களைக் கேட்க வேண்டாமா? கேட்டார்கள், 1920-ல். கேட்ட விதம்தான் வேடிக்கை. ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. ஆய்ப்பெனிலும் மால்மெடியிலும் தலா ஒரு பதிவேடு ஆறு மாதம் திறந்து வைக்கப்பட்டது. 'எனக்குப் பெல்ஜியம் வேண்டாம்' என்பவர் நேரில் போய், பெல்ஜிய அதிகாரிகளுக்கு முன்னால், பெயரும் கையெழுத்தும் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் ரேஷன் அட்டை போகும், ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு. வாக்குரிமை இருந்த 33,726 பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் 271 பேர். அதை வைத்து மக்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று முடிவெழுதினார்கள். இதை ஜனநாயகம் என்று அழைக்க நல்ல துணிச்சல் வேண்டும்.

ரயில் பிரச்னை இதற்குப் பிறகு வருகிறது. புதிதாகக் கிடைத்த ஆய்ப்பெனையும் மால்மெடியையும் வடக்கு தெற்காக இணைக்கும் ரயில் ஃபென்பான் ஒன்றுதான். ஆனால் அது பாம்பு மாதிரி நெளிந்து, நடுவில் ஜெர்மனியிடமே இருந்த மோன்ஷாவ் மாவட்டத்துக்குள் புகுந்து வருகிறது. ஒவ்வொரு ரயிலும் இரண்டு முறை எல்லை தாண்ட வேண்டும். பெல்ஜியம் பாதை முழுவதையும் கேட்டது. நேச நாடுகளின் எல்லைக் குழு 1920-ல் சம்மதித்தது. ஜெர்மனி கடுமையாக எதிர்த்தும் அடிப்படை முடிவு மாறவில்லை. 1922-ல் எல்லை இறுதியானபோது தண்டவாளம், அதன் மண்மேடு, நிலையங்கள் எல்லாம் பெல்ஜிய மண்ணாகிவிட்டன. ஓடும் உரிமை மட்டுமல்ல, மண்ணின் மீதான முழு இறையாண்மை.

விளைவு என்ன? பாதைக்கு மேற்கே இருந்த ஜெர்மன் ஊர்களும் வயல்களும் ஒரு பக்கம் பெல்ஜியத்தாலும், மறுபக்கம் பெல்ஜியத் தண்டவாளத்தாலும் சூழப்பட்டு, தாய்நாட்டோடு ஒட்டாத நிலத்தீவுகள் ஆயின. மூட்செனிக் என்ற முழுக் கிராமம் ஒரு தீவு. ரோட்கெனின் ஒரு பகுதி இன்னொரு தீவு. ரூக்‌ஷ்லாக் என்ற இடம்தான் உச்சம். ஒரே ஒரு வீடும் அதைச் சுற்றி ஒன்றிரண்டு ஹெக்டேர் நிலமும்! மொத்தம் ஆறு தீவுகள் உண்டாயின, இன்று மிச்சம் ஐந்து. இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் நடுவே கூச்பிஹார் பக்கம் இருந்த நிலத்தீவுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே 111-க்கு 51 என்று 2015-ல் மாற்றிக்கொண்டு ஒரு வழியாகக் கணக்கை முடித்தார்கள். அங்கே ஜனங்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் ஐரோப்பியர்களின் கஷ்டம் ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம்.

இனி அந்தச் சுங்க விஷயம். போருக்குப் பிறகு லக்சம்பர்க் ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தை விட்டு விலகி, பெல்ஜியத்தோடு பொருளாதார ஒன்றியம் அமைத்துக்கொண்டது. தாது இருப்பது ஒரு சுங்க எல்லைக்குள், ஆஹனின் உலைகள் இன்னொன்றுக்குள். ரோட்டே எர்டெயில் இருந்த பெரிய உருக்காலை 1926-ல் மூடப்பட்டது. எந்தச் சரக்குக்காக மலையை வெட்டிப் பாதை போட்டார்களோ, அந்தச் சரக்கு போய்விட்டது. பெல்ஜியம் அவ்வளவு பிடிவாதமாக வாங்கிய பாதை, கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே பாதி மதிப்பை இழந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1940 மே மாதம் ஹிட்லர் இந்த மாவட்டங்களைத் திரும்ப ஜெர்மனியோடு சேர்த்தார். சில ஆயிரம் இளைஞர்கள் ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களைப் பெல்ஜியம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1920-ல் அவர்களின் அப்பாக்களை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை, 1940-ல் பிள்ளைகளையும் கேட்கவில்லை. 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கப் படைகள் ரோட்கெனுக்குள் நுழைந்தன. நேச நாடுகள் கைப்பற்றிய முதல் ஜெர்மன் ஊர் அதுதான். டிசம்பரில் ஆர்டென் சண்டை. பாதையின் பெரிய ரயில் சந்திப்பான சாங்க்ட் ஃபித், கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. தெற்குப் பகுதியின் பாலங்கள் போயின. அங்கிருந்து லக்சம்பர்க் போகும் பகுதியை அதற்குப் பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை.

போர் முடிந்ததும் பழைய எல்லை திரும்ப வந்தது. கூடவே காப்பியும் வந்தது.

1948-ல் மேற்கு ஜெர்மனியில் புது மார்க் நாணயம் வந்த சமயம், காப்பிக்குக் கிலோவுக்கு 10 மார்க் வரி. அன்றைய கூலிக்கு அது பயங்கரமான தொகை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்ஜியத்தில் காப்பி மலிவு. மீதியைச் சொல்லவே வேண்டாம். எல்லையோரக் கிராமங்கள் போரில் நொறுங்கிக் கிடந்தன, வேலை கிடையாது, காடு மட்டும் அடர்த்தியாக இருந்தது. பெரியவர்கள், பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் காப்பி சுமந்தார்கள். பிள்ளைகளைப் பிடித்தால் தண்டிக்க முடியாது என்பதால் ஆஹன் பக்கம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கும்பலாக எல்லையில் ஓடினார்கள். பெரிய கும்பல்கள் கவச வண்டியே வைத்திருந்தன. துரத்தும் கார்களின் டயரைக் கிழிக்கச் சாலையில் இரும்பு முட்களை வீசினார்கள். சுங்கத் துறை சளைத்ததா? போர்ஷே காரின் முன்சக்கரங்களுக்கு எதிரே துடைப்பத்தைக் கட்டி, முட்களைப் பெருக்கிக்கொண்டே துரத்தியது! சிரிப்பு வந்தாலும், இதில் செத்தவர்கள் உண்டு. சுங்கக்காரர்கள் சுட்டதில் கடத்தல்காரர்கள் பலர், பதின்ம வயதுப் பிள்ளைகள் உட்பட, பலியானார்கள். சுங்கத் தரப்பிலும் உயிர்கள் போயின. ஷ்மிட் என்ற கிராமத்தில் போரில் இடிந்த தேவாலயம் காப்பிப் பணம் கலந்து எழும்பியது என்று ஊரே பேசிக்கொண்டது. அதற்கு வைத்த செல்லப் பெயர் 'புனித மோக்கா'.

இதை நிறுத்தியது துப்பாக்கி அல்ல. 1953-ல் வரியைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். லாபம் போனதும் கடத்தல் படுத்துவிட்டது. வரி விகிதத்துக்கும் கள்ளச் சந்தைக்கும் உள்ள உறவைப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரு மூட்டை காப்பி சொல்லிவிடுகிறது :-)

ரயில் கதைக்குத் திரும்பினால், அது மெல்லச் சாகும் கதைதான். பயணிகள் பஸ்ஸுக்கும் காருக்கும் மாறினார்கள். கொஞ்சம் சரக்கு ரயில் மட்டும் ஓடி, 1980களின் கடைசியில் அதுவும் நின்றது. 1990-லிருந்து 2001 வரை ஆர்வலர்கள் சுற்றுலா ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய பாலங்களையும் தண்டவாளத்தையும் பராமரிக்கிற செலவை டிக்கெட் பணத்தால் ஈடுகட்ட முடியவில்லை. 2007-08 வாக்கில் தண்டவாளங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

உடனே ஒரு பழைய கேள்வி எழுந்தது. ரயிலுக்காகத்தானே இந்த மண் பெல்ஜியத்துக்குக் கொடுக்கப்பட்டது? ரயிலே இல்லையென்றால் மண் யாருக்கு? கேள்வி அபத்தம் அல்ல, முன்னுதாரணம் இருந்தது. தெற்கே ஹெம்மெரெஸ் என்ற ஆறாவது தீவு அப்படித்தான் மறைந்தது. 1949-ல் பெல்ஜியம் அதை எடுத்துக்கொண்டு, 1958-ல் திருப்பிக் கொடுத்தபோது, ரயில் ஓடாத பாதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. ஆனால் இந்த முறை இரண்டு நாட்டு வெளியுறவுத் துறைகளும் எல்லையில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டன. ஒப்பந்தம் மண்ணைக் கொடுத்தது, தண்டவாளத்தை மட்டும் அல்ல. யாரும் சண்டை போடவில்லை. 1922-ல் இரண்டு தேசங்களின் மானப் பிரச்னையாக இருந்த அதே சில மீட்டர் அகல மண்!

சைக்கிள் பாதைக்கு இந்தப் பழைய பிடிவாதம் நல்லதாகவே முடிந்தது. இங்கிலாந்தில் 1960களில் நூற்றுக்கணக்கான கிளைப் பாதைகளை மூடியபோது, பல இடங்களில் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஒரு துண்டில் வீடு, ஒரு துண்டில் தொழிற்கூடம், ஒரு பாலம் பழைய இரும்புக்கு. பிறகு சைக்கிள் பாதை போட நினைத்தபோது இடையிடையே வழி அடைபட்டிருந்தது. நீளமான பாதையின் மதிப்பே அது அறுபடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. நூறு கிலோமீட்டரில் நாலு இடத்தில் சுவர் வந்தால் அது சுற்றுலாப் பாதை இல்லை, நாலைந்து சந்துகள். ஃபென்பானில் அந்த ஜெர்மன் பகுதி நிலம் வேறொரு நாட்டின் எல்லைக்குள், ரயில்வே என்ற ஒரே உரிமையாளரிடம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால் அது சர்வதேசப் பிரச்னை! பெல்ஜியத்தின் வலோனியா அரசு பழைய ரயில் பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் சைக்கிள், நடைப் பாதைகளாக்கும் 'ராவெல்' திட்டத்தை 1990களிலேயே ஆரம்பித்திருந்தது. நிலத்தை ரயில்வேயிடமிருந்து விலைக்கு வாங்காமல் 99 வருடக் குத்தகைக்கு எடுப்பது அந்தத் திட்டத்தின் வழி. ஃபென்பானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையோர வளர்ச்சிப் பணமும் சேர்ந்தது. 2013-ல் 125 கிலோமீட்டரும் தயாரானது.

ரயில் நிலையங்கள் சில காப்பிக் கடைகளாகவும் தங்கும் இடங்களாகவும் மாறிவிட்டன. இப்போது அங்கே யாரும் ஒளித்துவைத்துக் காப்பி விற்பதில்லை. மோன்ஷாவ் பக்கம் எல்லைக் கற்கள் இன்னும் பாதையோரப் புல்லில் நிற்கின்றன. ஆய்ப்பென், சாங்க்ட் ஃபித் பகுதியின் ஜெர்மன் பேசும் மக்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குப் பெல்ஜியத்துக்குள்ளேயே தனிப் பாராளுமன்றமும் தனி அரசாங்கமும் உண்டு. ஜெர்மன் மொழி பெல்ஜியத்தின் மூன்றாவது ஆட்சிமொழி. 1920-ல் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பயந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள்.

பாதையின் கடைசிப் பகுதியில், லக்சம்பர்க் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்தில் பழைய ரயில் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதற்குள் போக முடிந்தால் சமதளமாகவே போய்விடலாம். ஆனால் ரயில் நின்ற பிறகு அதில் வௌவால்கள் குடியேறிவிட்டன. அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சுரங்கத்தை அவற்றுக்கே விட்டுவிட்டார்கள். சைக்கிள்காரர்கள் மட்டும் இறங்கித் தள்ளியோ, மூச்சு வாங்க மிதித்தோ, மலைக்கு மேலே ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.